ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஒரு தேடுபொறி விளம்பரச் சேவை: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

காரைக்குடியில் இருந்துகொண்டு செட்டிநாட்டுச் சிறு தொழில்களுக்கு இணைய விளம்பர வேலைகளைச் செய்து தரும் ஒரு நிறுவனத்தின் சேவையை, எங்கள் குடும்பத்தின் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காகப் பயன்படுத்தி வருகிறோம். பாராட்டோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்களிடம் டைல்ஸ் கல் வாங்குபவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ வீடு கட்டுகிறவர் கூகுளில் தேடித்தான் எங்களிடம் வந்து சேர்கிறார். ஆகவே தேடல் முடிவுகளைக் கூகுள் வரிசைப்படுத்தும் முறை மாறினால் ஆத்தங்குடியில் ஆர்டர் ஏறுவதும் இறங்குவதும் உண்டு. 2011இல் வந்த பாண்டா மாற்றம் சரக்கில்லாத பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2012இல் வந்த பெங்குவின், காசு கொடுத்து இணைப்புகளைச் சேர்த்த தளங்களைக் குறிவைத்தது. 2015 முதல் கைபேசியில் ஒழுங்காகத் திறக்கும் தளங்களுக்குக் கைபேசித் தேடலில் முன்னுரிமை கிடைத்தது. தேடுபொறிக்காகவே எழுதப்பட்ட பக்கங்களைக் கீழே இறக்கும் ஏற்பாடு 2022 ஆகஸ்டில் தொடங்கி, 2024 மார்ச்சில் முதன்மைத் தரவரிசை முறைக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

இந்தக் கடைசி மாற்றம்தான் எங்களைப் போன்றவர்களை நேரடியாகத் தொட்டது. முன்பு வேறொருவர் அமைத்துக் கொடுத்த எங்கள் தளத்தில் ‘ஆத்தங்குடி டைல்ஸ் சென்னை’, ‘ஆத்தங்குடி டைல்ஸ் மதுரை’, ‘ஆத்தங்குடி டைல்ஸ் பெங்களூர்’ என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் வரிக்கு வரி ஒன்றாகவே இருந்த பக்கங்கள் நிறைய இருந்தன. காரைக்குடி நிறுவனத்தார் முதல் வேலையாக அவற்றை நீக்கச் சொன்னார்கள். எண்ணிக்கையைக் காட்டிக் கட்டணம் கேட்பது வழக்கமாகிவிட்ட இந்தத் துறையில், இருப்பதைக் குறைக்கச் சொல்லும் நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

நீக்கிய பக்கங்களுக்குப் பதிலாக அவர்கள் செய்ததுதான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி. அவர்களுடைய ஊழியர் பட்டறைக்கே வந்து மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை நடக்கும் வரிசையிலேயே படம் எடுத்தார். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் அச்சை நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கியபின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே சாந்தைப் போட்டு மட்டம் செய்வது வரை எதையும் விடவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறி வெளியே வந்து காய்ந்த கல், கண்ணாடியை விட்டுப் பிரிந்து பளபளப்போடு வரும் அந்த நொடியைப் பதிவு செய்ததற்காக மட்டுமே அவர்களுக்கு நன்றி சொல்லலாம், ஏனென்றால் இயந்திரத்தில் பாலிஷ் போடாத கல்லுக்கு அந்த மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்காத வாடிக்கையாளரே இல்லை.

பிறகு, தொலைபேசியில் எங்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை எழுதித் தரச் சொன்னார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு எத்தனை கல் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பத்து அங்குலக் கல் என்றால் பரப்புக் கணக்கில் 173. ஓரத்தில் வெட்டுவதற்கும் லாரியில் உடைவதற்கும் பத்து சதவீதம் கூட்டினால் சுமார் 190. தரையில் வெள்ளை பூத்தால் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. அடியிலிருந்து வரும் ஈரம் உப்பை மேலே கொண்டுவருவதால் அப்படி ஆகிறது, ஈரம் காயும்வரை துடைத்து வர வேண்டும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் கல்லின் முகமே கெட்டுவிடும் என்று மேஸ்திரி சொன்னதைச் சொன்னபடியே போட்டார்கள். இப்போது அழைப்பவர்களில் பலர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, அறையின் அளவைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

குறை மாதாந்திர அறிக்கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கத்தைத் தேடல் முடிவுகளின் உச்சியில் காட்டும் வசதியைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் கொண்டுவந்தது. கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டால் தளத்துக்குள் வர வேண்டிய தேவை பலருக்கு இருப்பதில்லை. நிலைமை இப்படி இருக்க, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற எண்ணையே முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டு, அது குறைந்த மாதத்தில் வருத்தமும் கூடிய மாதத்தில் வாழ்த்தும் தெரிவிப்பதால் வியாபாரிக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை அழைப்பு வந்தது, வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் அளவு அனுப்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் முன்பணம் கட்டினார்கள் என்ற கணக்கை நாங்களே ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். கட்டணம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

தமிழ்ப் பக்கங்களும் திருப்தியாக இல்லை. ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே மாற்றியது போல விறைப்பாக இருந்ததால் நாங்களே திருத்த வேண்டியதாயிற்று. திருத்தத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் பக்கத்தை நன்றாகவே பராமரிக்கிறார்கள். தேடலோடு உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து உள்ள தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்பது ஆகிய மூன்றையும் வைத்தே உள்ளூர் முடிவுகள் வரிசைப்படுத்தப்படுவதாகக் கூகுள் சொல்கிறது. இவற்றில் தூரத்தை யாரும் மாற்ற முடியாது என்பதை அவர்கள் எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். தள்ளுபடி கொடுத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் வாங்கலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டபோது, அது விதிக்குப் புறம்பானது என்று மறுத்துவிட்டார்கள்.

இந்தச் சேவை எல்லோருக்கும் தேவைப்படாது. பிள்ளையார்பட்டிக்கு வந்து போகிறவர்களை நம்பி அதிரசமும் தேன்குழலும் விற்கும் கடைக்கு, சரியான நேரமும் தொலைபேசி எண்ணும் நல்ல படங்களும் கொண்ட வரைபடப் பக்கம் போதும். அதைக் கடைக்காரரே செலவில்லாமல் செய்துகொள்ளலாம். அந்தப் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்துவந்த சிறு இணையதள வசதி மட்டும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையைத் தொலைவில் இருப்பவருக்கு விற்கும் நெசவுக்காரருக்கோ, கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்துபவருக்கோ, கேள்வி பதில் பக்கங்களுக்காகவே இதற்குச் செலவிடலாம்.

எடுப்பதாக இருந்தால், ப்ரொஃபைலின் முதன்மை உரிமையாளராக உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கும், மேலாளராக மட்டும் அவர்களுடைய கணக்கும் இருக்கும்படி முதல் நாளே செய்துகொள்ளுங்கள். தளத்தின் முகவரியும் உங்கள் பெயரிலேயே பதிவாகட்டும். நாங்கள் கேட்டபோது இரண்டையும் தயங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அறிக்கையைத் திருத்தித் தந்தால் அடுத்த ஆண்டும் இவர்களிடமே தொடர்வதாக இருக்கிறோம்.