கிட்டில் குறை ரிலேதான்: ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு

ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு டிசி போனால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் இணைப்பைத் துண்டிக்கும் போர்டு; யுபிசி1237 ஐசி வைத்த சாதாரண கிட் இது. சாலிடரிங் சுத்தம், ஆனா கூட வந்த தாள் சுத்த வேஸ்ட். ஆன் செய்து காத்திருந்தும் ரிலே 'டக்' என்று சேர்ந்து ஸ்பீக்கரை இணைக்கவில்லை. ஆம்ப் அவுட்புட்டில் டிசி இருக்கிறதா என்று முதலில் அளந்தேன், சில மில்லிவோல்ட்தான். ஐசியின் 8வது காலில் சப்ளை சரி. 4வது கால் ஏசி இருக்கிறதா என்று கவனிப்பது; நான் டிசி சப்ளையில் ஓட்டியதால் அங்கே எதுவும் வரவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியிலிருந்து ஏசி கொடுத்ததும் வேலை செய்தது. தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது!

அப்புறம் ஆம்பைக் கழற்றிவிட்டு, டிசி வந்தால் துண்டிக்கிறதா என்று பார்க்க, போர்டின் இன்புட்டில் 9 வோல்ட் பேட்டரியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் ரிலே உடனே இணைப்பைத் துண்டித்தது. அருமை.

ரிலேதான் உறுத்துகிறது. அதன் மேலே, தாங்கும் அளவு 30 வோல்ட் டிசி என்று போட்டிருக்கிறது. என் ஆம்ப் ரெயிலோ (உள்ளே ஓடும் டிசி சப்ளை) 50 வோல்ட். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அது அப்படியே ஸ்பீக்கர் பக்கம் வரும்; ரிலே கான்டாக்ட் பிரியும்போது ஆர்க் (இடைவெளியைத் தாண்டும் மின்பொறி) தொடரலாம், ஸ்பீக்கர் காலி. சின்ன ஆம்புக்கு வாங்கலாம். பெரிய ஆம்ப் என்றால் ரிலேயை மாற்றிவிட்டு மாட்டுங்க.