மூழ்கிய நிலப்பாலமா, நகர்ந்த கண்டமா?

மெசோசாரஸ் என்ற சிறு ஊர்வனவின் புதைபடிவம் தென் ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் கிடைக்கிறது. அட்லாண்டிக்கை நீந்திக் கடக்கும் உடல்வாகு அதற்கு இல்லை. அப்புறம் எப்படி இரு கரையிலும்?

பழைய பதில், நிலப்பாலம். கண்டங்களுக்கு நடுவே நிலம் இருந்தது, பிறகு மூழ்கிவிட்டது. நமக்குப் பழக்கமான லெமூரியாவும் இப்படித்தான் பிறந்தது: மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைக்க 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த யூகம். சிக்கல் என்னவென்றால், கண்டப் பாறை கடலடிப் பாறையைவிட இலேசானது. கட்டையைப் போல மிதப்பது, சொன்னபடி மூழ்காது.

1912இல் ஜெர்மன் வானிலையியலாளர் ஆல்ஃபிரட் வெகனர் சொன்னது வேறு: நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே விலகின. எனக்கு இதில் வலுவாகப் படுவது பனியாற்றுத் தடயம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறுகள் விட்டுச்சென்ற பாறைப்படிவுகள் இந்தியாவில், ஒடிசாவின் தால்ச்சர் பகுதியில்கூட இருக்கின்றன. தென் அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. கண்டங்களைத் தென் துருவத்தருகே ஒன்றாகச் சேர்த்துவைத்தால் எல்லாம் ஒரே பனிப்போர்வைக்குள் அடங்கிவிடுகின்றன. நிலப்பாலம் விலங்குகளை நடத்திக் கூட்டிப்போகும், சரி. வெப்பமண்டலத்தில் பனியாறு வந்ததற்கு அதனிடம் என்ன பதில்?

ஆனால் கண்டத்தைத் தள்ளிய விசை எது என்பதில் வெகனர் சறுக்கினார். புவிச் சுழற்சி, கடலலைகளை எழுப்பும் நிலவு-சூரிய ஈர்ப்பு என்று அவர் சொன்னவை மிகமிகப் பலவீனமானவை. 1930இல் கிரீன்லாந்தில் அவர் இறந்தபோதும் எதிர்ப்பு ஓயவில்லை. 1960களில் கடலடித்தரை விரிவதற்கு, அதன் பாறையில் பதிந்திருந்த, காந்தத் திசை மாறிமாறி வரும் பட்டைகள் சான்று தந்த பிறகுதான் நிலப்பாலக் கட்சி கலைந்தது.