இரண்டு குளிர்காலம் பயன்படுத்திய பவர் சேவர்: கோத்தகிரி அனுபவம்

போன வருடம் ஜனவரிக் கடைசியில் ஒரு பவர் சேவரை 850 ரூபாய்க்கு வாங்கினேன். பிளக்கில் செருகினால் பச்சை லைட் எரியும், கரண்ட் பில் 30 சதவீதம் குறையும் என்றார்கள். அதற்கு முந்தைய டிசம்பர்-ஜனவரி கணக்கு 324 யூனிட். அடுத்த கணக்கில் 246. சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு அக்காவையும் வாங்க வைத்தேன்.

மறுபடி பனி விழுந்தது. அந்த டிசம்பர்-ஜனவரியில் மீட்டர் அட்டையில் எழுதியிருந்தது 331. அட்டையைப் பின்னோக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: எங்கள் ஊரில் பிப்ரவரி, மார்ச்சில் எப்போதுமே யூனிட் இறங்கும். குளிர் குறைந்ததை மெஷின் கணக்கில் எழுதிவிட்டேன்.

தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் மைத்துனர் அதைக் கழற்றிக் காட்டினார். ஒரு கெப்பாசிட்டர், லைட்டுக்கு ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். "ஃபேக்டரியில மோட்டார் நிறைய ஓடுது மாமா. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற கரண்ட்ல எவ்வளவு நிஜமா வேலைக்குப் போகுதுங்கற கணக்கு, இறங்கினா அபராதம் போடுவாங்க, அதனால கெப்பாசிட்டர் வைக்கிறோம். வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டும்தானே எண்ணுது?" என்றார். ஃபிரிட்ஜையும் பவர் சேவரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, பாக்ஸுக்கு வரும் ஒயர்களில் ஒன்றில் கிளாம்ப் மீட்டர் (ஒயரில் ஓடும் ஆம்பியரை அளக்கும் கருவி) மாட்டினால் ஆம்பியர் குறைவது உண்மை. கடையில் காட்டுவதும் அதைத்தான். ஆனால் பில் ஆம்பியருக்கு இல்லை.

நீங்களே சோதிக்கலாம். எங்கள் மீட்டரில் சிவப்பு லைட் 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ரூம் ஹீட்டரை மட்டும் போட்டு எண்ணினோம். நிமிடத்துக்கு 51. பவர் சேவரைச் செருகியும் 51. ஹீட்டர், கெய்சர் இரண்டிலும் இருப்பது வெறும் காயில். அங்கே கெப்பாசிட்டர் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. மலையில் நம் பில்லை ஏற்றுவதோ அவைதான்.

25 லிட்டர் கெய்சர் 15 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1.3 யூனிட் எடுக்கும். எங்கள் வீட்டில் காலை முழுக்க அது ஆனில் கிடந்தது. இப்போது தெர்மோஸ்டாட்டை 50-க்கு இறக்கி, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்ததும் அணைத்துவிடுகிறோம். இந்த பிப்ரவரி-மார்ச் கணக்கு 198.

அட்டையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "சரி தம்பி, அந்த தெர்மோஸ்டாட் எங்க இருக்கு?"