விற்பவர் பாதிதான் சொல்கிறார்: விலையைக் குறைப்பதா, நிபந்தனை போடுவதா, விலகுவதா?

வாடகைக்கு விடச் சென்னையில் பழைய ஃபிளாட் வாங்கப் போனால், தாய்ப் பத்திரத்தின் (முந்தைய உரிமைப் பத்திரம்) ஜெராக்ஸ் மட்டும் நீட்டுவார்கள். குடியிருப்பவரைப் பற்றிக் கேட்டால், "சொன்னா காலி பண்ணிடுவாங்க சார்" என்பதோடு பேச்சு முடியும்.

பின்னால் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் மிக மோசமான வழி. 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, சாதாரணக் கவனத்தில் தென்படாத குறைகளை மட்டுமே விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவர் உரிமை உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இங்கே மாட்டிவிடுவது லீஸ். மாத வாடகை இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு விட்டிருப்பார்கள்; பதிவு செய்யாத லீஸ் வில்லங்கச் சான்றில் வராது. அந்தப் பணம் கைக்கு வராமல் குடியிருப்பவர் நகரமாட்டார். அட்வான்ஸ் தரும் முன் குடியிருப்பவரிடமே நேரில் பேசி, ஒப்பந்தத்தையும் கொடுத்த தொகையையும் பார்த்துவிடுங்கள்.

விலையைக் குறைத்துக் கேட்பது, தொகை தெரிந்த குறைகளுக்குப் பொருந்தும்: சொத்து வரி, குடிநீர் வரி, அசோசியேஷன் பாக்கி, மொட்டைமாடிக் கசிவு. அசல் பத்திரம் இல்லாத வீட்டுக்கு 5 லட்சம் குறைத்தாலும் பயனில்லை. சென்னையில் அசல் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்தாலே அடமானம்; எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒப்படைத்தால் பதிவுக்கே வராது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும், பத்திரம் ஃபைனான்ஸ்காரரிடம் இருக்கும். செர்சாய் (அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடு) தேடலில் வங்கிக் கடன் தெரியலாம், தனியார் கைமாற்று தெரியாது. தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் சான்றும் பத்திரிகை அறிவிப்பும் கேளுங்கள்.

நிபந்தனையோடு கிரைய ஒப்பந்தம் போடுவதே பெரும்பாலான நேரம் சிறந்தது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இதைப் பதிவு செய்வது கட்டாயம். வில்லங்கத்தில் ஏறிவிடுவதால் வேறொருவருக்கு விற்பது கடினம். அட்வான்ஸைச் சிறிதாக வைத்து, அசல் காட்டும் தேதி, வீடு காலியாகும் தேதி, தவறினால் அட்வான்ஸ் திரும்பும் நாள் மூன்றையும் எழுதுங்கள். வங்கிக் கடன் இருந்தால் மீதித் தொகையில் வங்கி பெயருக்கே டிடி எடுத்து, அசலை வங்கியிலேயே வாங்குங்கள். "வில்லங்கம் வந்தால் விற்பவரே பொறுப்பு" என்ற வழக்கமான வரியை மட்டும் நம்பாதீர்கள். விற்றவர் வெளிநாடு போய்விட்டால் அது வெறும் தாள். சாவி வரும்வரை கிரையத்தைத் தள்ளிவைப்பதே உண்மையான பிடி. இதில் ஒரு சங்கடம்: ஒப்பந்தத்தை ரத்து செய்தாலும் அதையும் பதிய வேண்டும் என்பதால் விற்பவர் தயங்குவார். கெடுவை 60 நாளாகச் சுருக்கினால் பெரும்பாலும் இறங்கி வருவார்.

லோன் கிடைத்துவிட்டதே என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் ஈட்டுக்கு. லீஸ்காரர் அவர் வேலை இல்லை.

வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துக்கு வரவில்லை, பவர் (தன் சார்பில் விற்கும் அதிகாரம்) கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கு ஆதாரமில்லை, வழக்கு நிலுவையில் உள்ளது: இவற்றில் விலகுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரை இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டும், அவர் அப்பா பெயரிலும் தேடுங்கள். பழைய பாகப்பிரிவினை வழக்குகள் அப்பா பெயரில்தான் கிடக்கும்.