குக்கர்: விசிலை எண்ணுவதை விட்ட பிறகு

எங்கள் வீட்டில் இரண்டு குக்கர்கள் ஓடுகின்றன. ஒன்று கல்யாணச் சீராக வந்த 5 லிட்டர் அலுமினியம், மூடி வெளியே பூட்டுவது. இன்னொன்று பிறகு வாங்கிய 3 லிட்டர் எவர்சில்வர், மூடி உள்ளே போய் மாட்டுவது. இரண்டையும் வருஷக்கணக்காகப் புழங்கியதில் ஒரு பழக்கம் மாறிவிட்டது. கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில் என்று யாராவது கேட்டால், நான் நிமிடக் கணக்குதான் சொல்கிறேன்.

வழக்கமான குக்கர் வெயிட் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் வரை தாங்கும். அந்த அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. அதற்கு மேல் ஏறினால் வெயிட் எழும்பி ஆவியை வெளியே விட்டுவிடும். அதாவது விசில் என்பது ‘இனிமேல் சூடு ஏறாது’ என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். அதற்கப்புறமும் தீயைப் பெரிதாக வைத்தால் பருப்பு சீக்கிரம் வெந்துவிடாது. கேஸும் தண்ணீரும்தான் குறையும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிடுங்கள். பெரிய பர்னரில் மூன்று விசில் சில நிமிடத்தில் முடிந்துவிடும், சின்ன பர்னரில் அதே மூன்று வர நேரமாகும். ஊறிய கொண்டைக்கடலைக்கு, முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் கால் மணி நேரம் எனக்குச் சரியாக இருக்கிறது. பழைய கடலை என்றால் கொஞ்சம் கூட.

வெளிமூடி குக்கரில் வெயிட்டை எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். மூடியதும் உள்ளே காற்று இருக்கிறது. அது வெளியேறாமல் வெயிட்டைப் போட்டால் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையதாகிவிடும். விசில் வரும், ஆனால் சூடு 120-ஐத் தொடாது. மேல் தட்டில் வைத்த அரிசி விதையாக நிற்பதற்கு இது ஒரு காரணம். குழாய் வழியாக ஆவி சீராகச் சீறி வரும்வரை பொறுத்துப் போட்டால் போதும்.

ஊட்டியில் சொந்தக்காரர் வீட்டில் சமைத்தபோது இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வெந்தபாடில்லை. குக்கரிலோ வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் வெயிட்டின் அழுத்தமும் சேர்வதால் 116 வரை போய்விடும். அங்கே குக்கர் இல்லாமல் குடித்தனம் நடத்துவது கஷ்டம்தான். ஆனால் சமவெளியில் வைப்பதைவிட ஓரிரு நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும்.

மூடியை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஏன் என்று எண்களில் பார்த்தால் பயமாகவே இருக்கிறது. 20 சென்டிமீட்டர் அகல மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். முழு அழுத்தத்தில் அதை உள்ளிருந்து முந்நூறு கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்மூடி வகையில் அந்தத் தள்ளலே மூடியை விளிம்போடு இறுக்கிவிடுவதால், ஆவி அடங்காமல் திறக்கவே வராது. எனக்கு அது பிடித்திருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 120 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரின் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால், அதில் 35 மில்லிக்குக் குறையாமல் ஆவியாகிவிடும். அந்த ஆவி வெளியே வந்தால் சுமார் 60 லிட்டர் இடத்தை அடைக்கும். பருப்புத் தண்ணீர் சுவரெல்லாம் தெறிப்பது இதனால்தான். அதற்கு மாறாக, அணைத்துவிட்டு மறந்து முழுக்க ஆறவிட்டால் ஆவி குளிர்ந்து தண்ணீராகி உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைந்துவிடும், மூடி அசையாது. அப்போது மல்லுக்கட்ட வேண்டாம். வெயிட்டை எடுத்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், மூடி தானாக வந்துவிடும்.

பராமரிப்பில் முதலில் கெடுவது கேஸ்கட்தான். ரப்பர் விறைத்தால் ஓரத்தில் ஆவி கசியும், விசில் வரத் தாமதமாகும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓரிரு நாள் ஒப்பேற்றலாம், அதற்கு மேல் புதிதுதான். மூடியிலேயே மாட்டி வைக்காமல் கழற்றிக் கழுவினால் கூடுதல் நாள் வருகிறது. பருப்பு நுரைத்துக் குழாயை அடைக்காமலிருக்கப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விடுவேன். தினமும் வெயிட்டைப் போடும் முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது இரண்டு விநாடி வேலை. அலுமினியக் குக்கரின் அடித்தண்ணீரில் ஒரு துண்டு புளியைப் போட்டால் உள்ளே கறுக்காது.

சேஃப்டி வால்வில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் அதிலிருக்கும் உலோகம் உருகி வழிவிட வேண்டும். எந்தச் சூட்டில் உருகும் என்றே தெரியாத மலிவுச் சரக்கை மாட்டுவது வீண் வேலை. எங்கள் பக்கத்துப் பாத்திரக்கடை ஒன்றில் பெயரில்லாத வால்வு ஒன்றை ‘எல்லாக் குக்கருக்கும் பொருந்தும்’ என்று கொடுத்தார்கள். மரை கூடச் சரியாக ஏறவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். குக்கரின் கம்பெனி, லிட்டர் அளவு இரண்டையும் சொல்லிக் கேட்டு, அதே கம்பெனிப் பொருளை வாங்குங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு பேர் குடும்பம் என்றால் 3 லிட்டர் உள்மூடி போதும். தட்டடுக்கி ஒரே தடவையில் சாதமும் பருப்பும் வைக்க 5 லிட்டர் வெளிமூடிதான் வசதி. இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதென்றால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்; வெறும் அலுமினியம் அதில் சூடேறாது.