பத்மினியின் ஏ.சி. பம்ப்: ஒழுகல் நின்று சில வருடங்கள் ஓட்டிய பிறகு

பழைய ஃபியட் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெட்ரோல் பம்ப் விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கும். "கழற்றித் தூக்கிப் போடு, எலெக்ட்ரிக் பம்ப் மாட்டு, தலைவலி விட்டது" என்பது ஒரு கட்சி. "கம்பெனி கொடுத்ததில் கை வைக்காதே" என்பது இன்னொன்று. என்னிடம் இருப்பது 1984 மாடல் பிரீமியர் பத்மினி, அதாவது இந்தியாவில் செய்த அந்த ஃபியட்தான். ஒழுகிய பம்பைப் பிரித்துச் சரிசெய்து, அதே பம்போடு சில வருடங்களாகச் சென்னையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பம்ப் நல்ல பம்ப்தான், உள்ளே போடுகிற ரப்பர்தான் பிரச்சினை. அந்த ரப்பரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பம்பை மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

புதிதாக இந்த வண்டிக்கு வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். ஒர்க்‌ஷாப்பில் ஏ.சி. பம்ப் என்று சொல்வது, இன்ஜின் பக்கவாட்டில் இரண்டு நட்டில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பைத்தான். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது உள்ளே ஒரு லீவர் ஆடும். லீவர் டயாஃப்ரத்தை, அதாவது பம்பின் நடுவே இருக்கும் வட்டமான ரப்பர் தாளை, கீழே இழுக்கும்போது பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அப்புறம் ஸ்பிரிங் டயாஃப்ரத்தை மேலே தள்ளும்போது அது கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் நிறைந்து நீடில் வால்வு மூடிக்கொண்டால் டயாஃப்ரம் கீழேயே நின்றுவிடும், லீவர் மட்டும் சும்மா ஆடும். அதாவது அழுத்தத்தை முடிவு செய்வது அந்த ஸ்பிரிங். இந்த வகைப் பம்புகள் பொதுவாக 2 முதல் 4 பி.எஸ்.ஐ. வரைதான் தரும். மின்சாரமோ ரிலேயோ எதுவும் கிடையாது. இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்.

என் வண்டியில் ஒழுகல் தெரிந்தது வாசனையில்தான். காலையில் போனட்டைத் திறந்தால் குப்பென்று பெட்ரோல் நாற்றம், ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏ.சி. பம்ப் வேர்க்குது சார், கிட் போட்டுடலாம்" என்றார். கிட் என்பது பம்புக்குள் மாற்றும் டயாஃப்ரம் முதலான உதிரிகள் அடங்கிய பொட்டலம். வேர்க்கிறது என்பதுதான் சரியான வார்த்தை. பம்பின் உடம்பு முழுக்க ஈரமாக, தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. ஆனால் எங்கிருந்து வேர்க்கிறது என்று தெரியாமல் கிட் வாங்கப் போகக்கூடாது. மூன்று இடத்திலிருந்து வரலாம். ஹோஸ் மாட்டும் முனையிலிருந்து வரலாம், அதற்குக் கிளிப் மாற்றினால் போதும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் விளிம்பிலிருந்து வரலாம், அது ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது விளிம்பு வளைந்திருக்கலாம். மூன்றாவது, கீழ்ப் பாதியில் இருக்கும் சின்ன ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் வந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டையை வைத்திருப்பதே அதைச் சொல்வதற்காகத்தான். எம்சீல் வைத்து அதை அடைத்துவிட்ட பம்புகளைப் பார்த்திருக்கிறேன். அடைத்தவர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பம்பை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளை மெல்லத் தூவுங்கள். இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஈரம் முதலில் எந்த இடத்தில் தூளைக் கறுப்பாக்குகிறதோ அதுதான் ஒழுகும் இடம். என் பம்பில் விளிம்பிலும் கறுத்தது, ஓட்டையைச் சுற்றியும் கறுத்தது. இரண்டு வியாதியும் ஒன்றாக.

வெளியே ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும். அதைவிட மோசமானது உள்ளே ஒழுகுவது. கிழிந்த டயாஃப்ரம் வழியாகப் பெட்ரோல் ஆயில் சேம்பருக்குள் இறங்கும். ஆயில் நீர்த்துப் போய் பேரிங்கைத் தின்னும், இன்ஜினே கைவிட்டுப் போகும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்போடு சேர்த்து ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். அதற்கு முன் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் இருப்பது நல்லது.

பிரிக்கும் வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றியதும் ஒரு போல்ட்டைச் சொருகி அடைத்துவிடுங்கள், டேங்க் நிறைய இருந்தால் தானாகவே வழியும். பம்ப் கையில் வந்ததும், மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஹோஸ் முனை வேறு பக்கம் பார்த்து நிற்கும். ஸ்க்ரூக்களை எடுத்து மூடியைத் தூக்கினால் டயாஃப்ரம் தெரியும். என்னுடையது ஊறிப்போன அப்பளம் மாதிரி அலை அலையாக நெளிந்து கிடந்தது. நடுவில் தகடு பிடித்திருக்கும் வட்டத்தின் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு. விளிம்பு ஒழுகியதற்கும் காரணம் அங்கேயே தெரிந்தது. யாரோ முன்பு ஸ்க்ரூவை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றியும் வார்ப்பு உலோகத்தை மேடாக்கியிருந்தார்கள். மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே பள்ளம், பள்ளத்தின் வழியே பெட்ரோல். எத்தனை கிட் போட்டாலும் அது நிற்காது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ரிப்பேர் தோற்கிறது என்பது என் எண்ணம். தடிமனான கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் நைஸ் எமரி ஷீட்டை விரித்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளித்து, விளிம்பைக் கீழே வைத்து எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதலில் ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி மட்டும் பளபளக்கும். விளிம்பு முழுக்க ஒரே நிறத்துக்கு வரும்வரை விடக்கூடாது. இரண்டு பாதிக்கும் இதே வேலைதான். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் பம்பின் விளிம்பு அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஈரமாகவில்லை. சிலிக்கான் பசையைத் தடவி மூடிவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உரிந்து வரும், அந்தத் துணுக்கு நேராகக் கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும்.

மூடும்போது ஒரு முக்கியமான விஷயம். ஸ்க்ரூக்களைக் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, லீவரை முழுசாக அழுத்தி டயாஃப்ரத்தைக் கீழே இழுத்துப் பிடித்த நிலையில், எதிரெதிராக ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். டயாஃப்ரம் தளர்வாக நிற்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி ஓடும்போது ஒவ்வொரு இழுப்பிலும் ரப்பர் விறைத்து ஓரத்தில் கிழியும். நன்றாக முடிந்ததா என்று பார்க்க, பெட்ரோல் உள்ளே வரும் முனையை விரலால் அடைத்துக்கொண்டு லீவரை அழுத்துங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும், சில விநாடியாவது விடாமல் பிடித்திருக்க வேண்டும். உடனே விட்டுவிட்டால், பெட்ரோலைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் பம்பின் உள்வால்வு சரியில்லை.

இன்ஜினில் திரும்ப மாட்டும்போது பம்ப் முட்டிக்கொண்டு நின்றால் நட்டை இறுக்கி உள்ளே இழுக்காதீர்கள். டாப் கியரில் போட்டு வண்டியை லேசாகத் தள்ளினால் கேம் நகர்ந்து வழிவிடும். கையால் அடித்துப் பெட்ரோல் ஏற்றுவதற்குப் பம்பிலேயே இருக்கும் கைப்பம்ப் லீவர் தொளதொளவென்று ஆடிப் பெட்ரோலே ஏறாவிட்டாலும் இதுதான் வைத்தியம். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு தடிமனான கட்டை மாதிரி பீஸ் வரும். அது சூடு ஏறாமல் தடுக்க இருப்பது, அதைத் தூக்கிவிட்டு வெறும் பேக்கிங் போட்டு மாட்டக்கூடாது. பேக்கிங்கை இரண்டு மூன்றாக அடுக்கினாலும் தப்பு, பம்ப் வெளியே தள்ளி நின்று லீவரின் ஆட்டம் குறைந்துவிடும்.

சரி, ரப்பருக்கு வருவோம். சென்னையில் வண்டி உதிரிகளுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் தேடினாலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் தேடினாலும் பத்மினி பம்ப் கிட் இன்னும் கிடைக்கிறது. விலையும் கையைக் கடிக்காது. இவ்வளவு காலம் இது சுலபமாகக் கிடைத்ததற்கு மும்பை டாக்ஸிகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கறுப்பு மஞ்சள் வண்டிகளுக்காகத்தான் சின்னச் சின்னப் பட்டறைகள் இதையெல்லாம் தயாரித்துக்கொண்டிருந்தன. 2023 அக்டோபர் கடைசியோடு அங்கே பத்மினி டாக்ஸிகளின் காலம் முடிந்துவிட்டது. இனி வாங்குபவர்கள் நம்மைப் போன்றவர்கள் மட்டும்தான். அதனால் கடைகளில் இருப்பது பெரும்பாலும் பழைய சரக்கு, அதாவது பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலப்பது இந்த அளவுக்கு வருவதற்கு முன்பே செய்த ரப்பர்.

எத்தனால் விஷயம் விளையாட்டில்லை. 2022-ல் நம் நாட்டில் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2023-ல் 20 சதவீதம் கலந்த இ20 பங்க்குகளுக்கு வர ஆரம்பித்தது, 2025-ல் அதுவே எல்லா இடத்திலும் வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. 1980-களின் வண்டியில் எந்த ரப்பரும் இதை நினைத்துச் செய்ததில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். நானே ஒரு சின்ன சோதனை செய்தேன். வேறு வேறு கடையில் வாங்கிய கிட்டுகளின் டயாஃப்ரத்திலிருந்து ஒரு துண்டும், விட்டான் என்று கடையில் சொல்லும் ஃப்ளோரோகார்பன் ரப்பரில் செய்த டயாஃப்ரத்திலிருந்து ஒரு துண்டும் வெட்டி, பங்க் பெட்ரோல் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் தனித்தனியாகப் போட்டு மொட்டை மாடி நிழலில் வைத்தேன். சில வாரத்தில் மலிவுக் கிட் ஒன்றின் பாட்டிலில் பெட்ரோலே டீ நிறத்துக்கு வந்துவிட்டது, துண்டு ஓரம் சுருண்டு தடித்திருந்தது. இன்னொரு சாதாரணக் கிட் ஓரளவு தாக்குப்பிடித்தது. விட்டான் துண்டில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவுமில்லை. அதனால் அந்த ரப்பரில் டயாஃப்ரம் வெட்டித் தருபவரைத் தேடிப் பிடித்து, என் பழைய தகடுகளிலேயே பொருத்தி வாங்கிக்கொண்டேன். கிட்டைவிடப் பல மடங்கு செலவு. இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

டயாஃப்ரத்தை மட்டும் மாற்றிவிட்டு ஹோஸை விட்டுவைப்பதில் பிரயோஜனமில்லை. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள், அதன் உள்பூச்சும் ஃப்ளோரோ வகைதான். வெறுமனே "பெட்ரோல் ட்யூப்" என்று கேட்டால் எதையாவது வெட்டிக் கொடுப்பார்கள். பம்புக்கு முன்னால் ஒரு கண்ணாடி போன்ற இன்லைன் ஃபில்டரும் மாட்டினேன். முதல் சில மாதம் அதில் வந்த துருவையும் பிசினையும் பார்த்தால் பம்பின் வால்வு இத்தனை நாள் எப்படி வேலை செய்தது என்றே ஆச்சரியமாக இருந்தது.

எலெக்ட்ரிக் பம்ப் கட்சிக்கும் நியாயமாகப் பேச வேண்டும். நண்பர் ஒருவர் தன் பத்மினியில் மாட்டியிருக்கிறார், அதைப் பல நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நீண்ட நாள் நின்ற வண்டியைச் சாவியைத் திருப்பிச் சில விநாடி காத்திருந்து செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. என் வண்டிக்கு அந்த யோகமில்லை, கைப்பம்ப் லீவரை நாலைந்து முறை அடிக்க வேண்டும். வெயிலிலும் அவர் வண்டிதான் மேல். ஆனால் அவர் முதலில் வாங்கிய பம்பின் அழுத்தம் அதிகமாக இருந்ததால் சோலெக்ஸ் கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்காமல் வழிய ஆரம்பித்தது, ரெகுலேட்டர் வாங்கி மாட்டிய பிறகுதான் அடங்கியது. இன்னொரு விஷயம், விபத்தில் ஹோஸ் அறுந்தாலும் சாவி ஆன் என்றால் அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்றால் பம்பை நிறுத்தும் ஆயில் பிரஷர் சுவிட்சோ, வண்டி இடித்தால் நிறுத்தும் சுவிட்சோ சேர்த்து ஒயரிங் செய்பவர்கள் குறைவு. அதைச் செய்யாமல் மாட்டுவதாக இருந்தால் மாட்டவே வேண்டாம் என்பேன்.

மெக்கானிக்கல் பம்பின் பலவீனம் கத்திரி வெயில்தான். இன்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்திருப்பதால், மதியம் டிராஃபிக்கில் நின்றுவிட்டு நகரும்போது பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி வண்டி முக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சுலபமாக ஆவியாகிறது. பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய வித்தை இப்போதும் பலிக்கிறது. டேஷ்போர்டில் துணியும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கும். ஹோஸ் இன்ஜினை ஒட்டிப் போகாமல் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனதில் பாதிப் பிரச்சினை குறைந்தது. மீதிப் பாதியோடு வாழப் பழகிவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: ஓட்டையும் காய்ந்திருக்கிறது, விளிம்பும் காய்ந்திருக்கிறது, டிப் ஸ்டிக்கில் வாடை இல்லை. லீவர் கோத்து ஆடும் பின் (கம்பி) மட்டும் தேய்ந்து, ஐடிலில் டக் டக் என்று லேசான சத்தம் வருகிறது. லேத்தில் கொடுத்துப் பின்னைப் புதிதாகக் கடைந்து போடலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். முழுப் பம்பாக வரும் புதிய நகல்களையும் பார்த்தேன்; சிலவற்றில் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஸ்க்ரூ இல்லாமல் மடித்தே மூடியிருக்கிறார்கள். டயாஃப்ரம் போனால் திறக்கவே முடியாது. அதனால் புதுப்பேட்டையில் ஒரு பழைய பம்பை உடம்புக்காக மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் விளிம்பையும் தேய்க்க வேண்டும்.