ஸ்ட்ரீமிங்கில் இல்லாத டெக்னோவோடு சில வருடங்கள்

ஸ்பாட்டிஃபையில் தேடினால் வராத, டெக்னோ போன்ற எலக்ட்ரானிக் இசையைத் தேடிப் பிடித்து வாங்கிக் கேட்பது எனக்குப் பல வருடப் பழக்கம். நாமும் இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசைக்காக என்றால் தாராளமாக இறங்கலாம். யாரிடமும் இல்லாத வினைல் தட்டு என்னிடம் இருக்கிறது என்ற பெருமைக்காக என்றால் வேண்டாம், அந்தப் பெருமையின் விலை ஏறிக்கொண்டே போகும், இசையைச் செய்தவருக்கு அதில் சல்லிக்காசு சேராது.

வழக்கம் இதுதான்: சிறிய லேபிள் (இசை வெளியிடும் கம்பெனி) ஒன்று 12 அங்குலத் தட்டை 300 அல்லது 500 பிரதி அடிக்கும். டவுன்லோடு கிடையாது, ஸ்ட்ரீமிங் கிடையாது, விளம்பரமும் பெரிதாக இருக்காது. விற்கும் கடையின் தளத்தில் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ மாதிரி போட்டிருப்பார்கள், அதுவும் தரத்தைக் குறைத்து. பத்து நிமிடம் மெல்ல மெல்ல விரியும் ஒரு டிராக்கை அந்தத் துண்டை வைத்து எடைபோட வேண்டும், யோசித்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்தும் போய்விடும். இந்த அவசரம் எனக்கு இன்று வரை பிடிக்கவில்லை.

தட்டு கைக்கு வந்தபின் கதை வேறு. வெறும் வெள்ளை உறை, தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் கையால் குத்திய ரப்பர் ஸ்டாம்ப், மை ஒரு பக்கம் அப்பியும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். செய்தவர் பெயர் பல நேரம் இருக்காது. நிமிடத்துக்கு 33 சுற்றா 45 சுற்றா என்று வேகம்கூடப் போட்டிருக்காது, இரண்டிலும் ஓட்டிப் பார்த்து நாமே ஒரு முடிவுக்கு வர வேண்டியதுதான் (சில டிராக்குகள் தப்பான வேகத்தில்தான் இன்னும் நன்றாக இருக்கின்றன, செய்தவர் காதில் விழ வேண்டாம்). விளக்கு வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்தால், பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் அந்த வழவழப்பான வளையத்தில் பொடி எழுத்துகள் கீறியிருப்பது தெரியும். பெரும்பாலும் தட்டின் எண், சில சமயம் ஒரு வரிச் செய்தி. அடுத்த டிராக்குக்குத் தாவ பட்டன் இல்லாததால் ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்கிறேன், பிடிக்காததையும் சேர்த்துத்தான். அப்படிக் கேட்டுக் கேட்டு, கொஞ்ச நாள் கழித்துப் பிடித்துப்போனவை என் அலமாரியில் நிறைய.

ஒதுங்கி நிற்கும் இந்தப் பிடிவாதம் ஸ்ட்ரீமிங் வருவதற்கு முன்பே இருந்தது. டெட்ராய்ட்டில் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழு முகத்தை மூடிக்கொண்டுதான் மேடையேறியது, பெரிய கம்பெனிகளை அண்டவிடவில்லை, சப்மெர்ஜ் என்ற சொந்த விநியோகம் வழியாகத் தட்டுகளை அனுப்பியது. பெர்லினில் மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் 1993இல் ஆரம்பித்த பேசிக் சேனல் என்ற லேபிளின் தட்டுகளில், நடுக் காகிதத்தில் இருக்கும் எழுத்துகளே படிக்க முடியாதபடி சிதைந்திருக்கும். ஆனால் எர்னஸ்டஸ் 1989இலேயே ஹார்ட் வாக்ஸ் என்ற ரெக்கார்டு கடையைத் திறந்துவிட்டார், பிறகு மாஸ்டரிங் (ஒலியைக் கடைசியாகச் சீராக்குவது) செய்து தட்டு வெட்டும் இடமும் அவர்கள் வட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இன்றைக்கு இவர்களைப் பின்பற்றுகிறோம் என்கிறவர்களில் பாதிப் பேர் முகமூடியையும் ரப்பர் ஸ்டாம்பையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கடையும் விநியோகமும் சொந்தக் கையில் இருந்தன என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஸ்ட்ரீமிங்கை ஒதுக்குபவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 முதல், 12 மாதத்தில் 1000 தடவைகூட ஓடாத டிராக்குக்கு ஸ்பாட்டிஃபை பணமே தருவதில்லை. 300 பேருக்காகச் செய்யப்படும் இசைக்கு இதன் அர்த்தம் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அப்போது ஸ்பாட்டிஃபையின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டேனியல் ஏக் போர்த் தொழில்நுட்பக் கம்பெனி ஒன்றில் முதலீடு செய்ததை எதிர்த்து, ஜெர்மனியின் டெக்னோ கலைஞர் ஸ்கீ மாஸ்க் 2021இல் தன் இசையை அங்கிருந்து எடுத்தார். அதே 2021இல் இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது: ராயல்டி கேட்டு வழக்குப் போட்ட ஃபோர் டெட் என்ற எலக்ட்ரானிக் கலைஞரின் மூன்று ஆல்பங்களை டொமினோ லேபிளே ஸ்ட்ரீமிங்கிலிருந்து தூக்கிவிட்டது, அடுத்த வருடம்தான் சமரசம் ஆனது. ஆக, இசை ஆன்லைனில் இல்லை என்றாலே கலைஞரின் எதிர்ப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பெரிய மனக்குறை மறுவிற்பனைதான். 2000இல் எலக்ட்ரானிக் இசைப் பட்டியலாகத் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளம் இன்று பெரிய சந்தை. தட்டு வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, உறை பிரிக்காத பிரதிகள் மூன்று மடங்கு விலைக்கு வந்து நிற்கும். கேட்க ஆசைப்படுபவருக்கு மிச்சம் யாரோ தட்டிலிருந்து பதிந்து யூடியூபில் ஏற்றிய கரகரப்பான நகல். இதில் யார் யாரை எதிர்த்து ஜெயித்தார்கள்?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. எலக்ட்ரானிக் கலைஞர் ஏஃபெக்ஸ் ட்வின் 1994இல் காஸ்டிக் விண்டோ என்ற பெயரில் செய்த ஆல்பம் சோதனைப் பிரதிகளோடு நின்றுபோனது. 2014இல் அதில் ஒன்று விற்பனைக்கு வந்தபோது, ரசிகர்கள் லேபிளின் சம்மதத்தோடு கிக்ஸ்டார்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் பணம் திரட்டி வாங்கி, காசு போட்டவர்களுக்கெல்லாம் டிஜிட்டல் பிரதி கொடுத்துவிட்டு, தட்டை ஈபேயில் ஏலம் விட்டார்கள். 46,300 டாலருக்குப் போனது. வந்த பணத்தில் கலைஞருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒலித்தரம் பற்றி: வினைல் என்றாலே ஒசத்தி என்பதை நம்ப வேண்டாம். நன்றாக அச்சடித்த தட்டில் பேஸ் அடிவயிற்றில் இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் நடு ஓட்டை ஒரு மயிரிழை தள்ளியிருந்தால் போதும், நீண்டு ஒலிக்கும் சின்த் ஸ்வரம் ஒவ்வொரு சுற்றுக்கும் மேலும் கீழும் ஆடும். தாளமில்லாமல் மெல்லப் பரவும் ஆம்பியன்ட் இசைத் தட்டில் இது சித்திரவதை. போதாக்குறைக்கு 2020இல் கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனது. வினைலுக்கு மூலமாக வெட்டும் லாக்கர் தட்டுகளைச் செய்ய அதன்பின் உலகத்தில் பெரிதாக மிஞ்சியது ஜப்பானில் ஒரே ஒரு கம்பெனி.

அதனால் இப்போது நான் வாங்குவது, ஸ்ட்ரீமிங்கை ஒதுக்கினாலும் டவுன்லோடை நேரடியாக விற்பவர்களிடமும், தீர்ந்தால் திரும்ப அடிப்பவர்களிடமும்தான். கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டலுக்கு 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞருக்கு விடுகிறது (பணப் பரிமாற்றக் கட்டணம் தனி), இழப்பில்லாத ஃபைலும் கிடைக்கிறது. 2022, 2023 என்று இரண்டு தடவை கைமாறி, ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்த இடம் அது, எத்தனை நாளைக்கு இப்படியே இருக்குமோ. வாங்கிய ஃபைல்களை உடனே இறக்கித் தனி டிஸ்க்கில் வைத்துவிடுகிறேன். புதிதாக வருபவர்களும் டர்ன்டேபிளுக்கு முன்னால் ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள்.